கார்பெட்ல ப்ளீச் பட்டுடுச்சா? முதல்ல அது என்ன நூல்னு பாருங்க

கார்பெட்ல ப்ளீச் சொட்டுச்சுன்னா நம்ம கை தானா போய் ஒரு துணிய எடுத்து அழுத்தித் தேய்க்க ஆரம்பிச்சிடும், தயவு செஞ்சு தேய்க்காதீங்க. தேய்க்கத் தேய்க்க காசு அளவு இருந்தது தட்டு அளவுக்குப் பரவும், நூலோட முறுக்கும் பிரிஞ்சு போயிடும், அப்புறம் நிறத்தைச் சரி பண்ணாலும் அந்த இடம் மட்டும் பஞ்சு மாதிரி தூக்கிட்டு நிக்கும். பச்சத் தண்ணி கொஞ்சமா ஊத்துங்க, காஞ்ச டவலை மேல வச்சு காலால அமுக்கி உறிஞ்சி எடுங்க, மறுபடி தண்ணி, மறுபடி டவல். ப்ளீச் வாசனை போற வரைக்கும் இதையே பண்ணுங்க. பக்கெட் பக்கெட்டா ஊத்த வேண்டாம், அடியில மெத்தை மாதிரி இருக்கற அண்டர்லே ஊறிப் போச்சுன்னா அது காயவே காயாது, அந்த ஈர நாத்தம் தனி தலைவலி.

நான் லண்டன்ல ஹாரோ பக்கம் இருக்கேன். இங்க, வெம்ப்ளில, ஈஸ்ட் ஹாம்ல, க்ராய்டன்லனு நம்ம ஆளுங்க வாடகைக்கு இருக்கற நிறைய வீடுகள்ல ரூம் முழுக்க சுவத்துக்கு சுவர் கார்பெட் அடிச்சுத்தான் இருக்கும், மாடிப்படி, மாடி நடை எல்லாத்துலயும். நம்ம ஊர்ல மொசைக்கும் டைல்ஸும் பாத்து வளந்தவங்களுக்கு இது ஒரு புது பொறுப்பு. பவானி ஜமக்காளம்னா தூக்கிட்டுப் போய் மொட்டை மாடில அலசிக் காயப் போட்டுடலாம், இதை எங்க தூக்கறது, ஆணியடிச்ச கட்டைல மாட்டி இழுத்துப் போட்டிருக்கான். அதனால ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்தாக்கூட வீட்ல எல்லாருக்கும் வயித்தைக் கலக்கிடுது, டெபாசிட் போச்சேன்னு.

நம்ம வீடுகள்ல ப்ளீச் கார்பெட்டுக்கு வர்ற வழி பெரும்பாலும் ரெண்டுதான். ஒண்ணு பாத்ரூம் பூஞ்சை. இங்க குளிர்காலத்துல ஜன்னலத் திறக்க மாட்டோம், நாம சமைக்கிற ஆவி, குளிக்கிற ஆவி எல்லாம் சுவத்துல படிஞ்சு கருப்புப் பூஞ்சை வந்துடும், அதுக்கு அடிக்கற மோல்டு ஸ்ப்ரேல இருக்கறது முக்கால்வாசி அதே ப்ளீச்தான், சோடியம் ஹைப்போகுளோரைட். ஸ்ப்ரே அடிச்சிட்டு ஈரக் காலோட வெளிய வந்தா மாடி நடைல பாதம் பாதமா வெளுப்பு விழும், சில சமயம் அன்னிக்குத் தெரியாது, அப்புறம்தான் கண்ணுல படும்.

இன்னொண்ணு மஞ்சள். சாம்பார் கொட்டிடுச்சு, சோப்புத் தண்ணி போட்டுத் துடைக்கறாங்க, உடனே அந்த இடம் சிவப்பா மாறுது, பயந்து போய் ப்ளீச் எடுத்து ஊத்திடறாங்க. இதுல பயப்பட ஒண்ணுமே இல்ல. ஆரத்தித் தண்ணில மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா செக்கச்செவேல்னு ஆகுதுல்ல, அதே வேலைதான், மஞ்சள்ல இருக்கற குர்குமின் காரத்தன்மை பட்டா சிவக்கும். கொஞ்சம் வெள்ளை வினிகரைத் தண்ணில கலந்து தொட்டு எடுத்தா திரும்ப மஞ்சளாயிடும், ஆனா ஏற்கனவே ப்ளீச் ஊத்தின இடத்துல மட்டும் வினிகர் பக்கமே போகக் கூடாது, அதை அப்புறம் சொல்றேன். மிச்சம் இருக்கற மஞ்சளுக்கு மருந்து வெயில். குர்குமின் வெளிச்சத்துல தானா உடைஞ்சு போற சரக்கு, வேட்டில பட்ட மஞ்சக்கறை வெயில்ல காயப் போட்டா மங்கறது நம்ம அம்மாக்கள் எல்லாருக்கும் தெரியும். கார்பெட்டைத் தூக்க முடியாது, ஆனா திரைச்சீலையை விலக்கி வெளிச்சத்தை உள்ள விடலாமே. ப்ளீச் வேணவே வேணாம் அந்த வேலைக்கு.

மூணாவதா ஒரு வழி இருக்கு, அது நிறைய பேருக்குத் தெரியாது. வயசுப் பசங்க முகப்பருவுக்குப் போடற க்ரீம்ல பென்சாயில் பெராக்சைடுன்னு ஒண்ணு இருக்கும், அதுவும் நிறத்தை வெளுக்கறதுதான். பெட்ரூம் கதவுகிட்ட, கண்ணாடி முன்னாடி, கட்டில் ஓரம், இங்கல்லாம் ஆரஞ்சு கலர்ல புள்ளி புள்ளியா வந்தா ப்ளீச்சை யாரு கொட்டினான்னு வீட்ல விசாரணை போடறதுக்கு முன்னாடி இந்த க்ரீமைப் பாருங்க. அது தண்ணில கரையாது, கார்பெட்ல உக்காந்துட்டே இருக்கும், ஈரம் சேரும்போது மெதுவா வேலை செய்யும்.

சரி, ப்ளீச் பட்டா என்னதான் ஆகுதுன்னு கொஞ்சம் புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. சாயத்தோட மூலக்கூறுல வெளிச்சத்தை உறிஞ்சற ஒரு பகுதி இருக்கும், அதனாலதான் அது நம்ம கண்ணுக்கு நீலமாவோ சிவப்பாவோ தெரியுது, ப்ளீச் அந்தப் பகுதியப் போய் உடைச்சிடும். சாயம் எங்கயும் கழுவிப் போகல, அங்கயேதான் உடைஞ்சு கிடக்கு, நிறம் மட்டும் இல்ல. அதனால உலகத்துல இருக்கற எந்த ஷாம்பு, எந்தக் கறை நீக்கி போட்டாலும் அந்த இடம் திரும்ப வராது, எடுக்கறதுக்கு அங்க எதுவுமே இல்லையே. இதைப் புரிஞ்சுக்காம கடைக்குப் போய் ஒவ்வொரு பாட்டிலா வாங்கி ஊத்தி கார்பெட்டை இன்னும் கெடுத்துக்கறவங்களப் பாக்கும்போது எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்.

துணிய வெளுக்கறதுக்கு குளோரினைப் பயன்படுத்தலாம்னு 1780கள்ல பிரான்ஸ்ல பெர்தொலேங்கற வேதியியல்காரர் காட்டினாரு. அதுக்கு முன்னாடி துணிய மாசக்கணக்கா புல்வெளில விரிச்சு வெயில்ல போட்டு வெளுத்திருக்காங்க. 1799ல கிளாஸ்கோல சார்ல்ஸ் டென்னன்ட் அந்தக் குளோரினை சுண்ணாம்புல ஏத்திப் பொடியாக்கி காப்புரிமை வாங்கினாரு, நம்ம ஊர்ல மழை நின்னதும் சாக்கடை ஓரம் கோடு போட்ட மாதிரி தூவிட்டுப் போவாங்களே பிளீச்சிங் பவுடர், அதோட பூர்வீகம் அதுதான். அதாவது இந்தப் பொருள் உலகத்துக்கு வந்ததே துணில இருக்கற நிறத்தை எடுக்கறதுக்காக. அது கார்பெட்ல சரியா அதோட வேலையத்தான் பண்ணியிருக்கு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். உங்க கார்பெட் என்ன நூல்னு தெரியாம எதையும் தொடாதீங்க. இங்க வாடகை வீடுகள்ல சாதாரணமா வர்றது பாலிப்ரொப்பிலீன், இல்லன்னா கம்பளியும் நைலானும் கலந்த எண்பது-இருபது, இல்லன்னா பாலியெஸ்டர், முழு நைலான். நாலும் பாக்க ஒரே பழுப்பு கலர்ல ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனா ப்ளீச்சுக்கு நாலும் நாலு விதமா நடந்துக்கும்.

கண்டுபிடிக்கறது கஷ்டமில்ல. அலமாரி உள்ளயோ மாடிப்படிக்குக் கீழ இருக்கற கப்போர்டுலயோ மூலைல ரெண்டு இழை பிடுங்கிக்கோங்க. ஒரு டம்ளர் தண்ணில ஒரு சொட்டு பாத்திரம் கழுவற சோப்பு விட்டு, ஒரு இழைய நல்லா நனைச்சு அமுக்கி விடுங்க, சோப்பு எதுக்குன்னா நூலுக்குள்ள காத்துக் குமிழி மாட்டியிருந்தா எல்லாமே மிதக்கும், ஏமாந்துடுவோம். சோப்பு போட்டும் மிதந்துச்சுன்னா அது பாலிப்ரொப்பிலீன், அது தண்ணிய விட லேசு, மத்ததெல்லாம் முங்கிடும். முங்கின இழைய ட்வீஸர்ல பிடிச்சு சிங்க் மேல வச்சு நெருப்புல காட்டுங்க. முடி கருகின நாத்தம் வந்து, மிஞ்சறது விரல்ல நசுக்கினா பொடியற சாம்பல்னா கம்பளி இருக்கு. உருகி கெட்டியா மணி மாதிரி உருண்டா நைலான் இல்ல பாலியெஸ்டர், கரும்புகையா வந்தா பாலியெஸ்டர்னு எடுத்துக்கலாம். முடி நாத்தமும் வருது, கூடவே கெட்டியா ஏதோ உருளுதுன்னா கலப்பு. ஜன்னலத் திறந்து வச்சுட்டு, பிள்ளைங்கள வெளிய அனுப்பிட்டுப் பண்ணுங்க.

பாலிப்ரொப்பிலீன்னா கும்பிட்டுக்கோங்க. அதுல சாயம் மேல போடறது இல்ல, நூல் இழுக்கறதுக்கு முன்னாடி பிளாஸ்டிக் உருகி இருக்கும்போதே நிறத்தைக் கலந்துடறாங்க, அதனால ப்ளீச்சுக்கு அசையாது. இங்க கடைல ப்ளீச் போட்டே சுத்தம் பண்ணலாம்னு விளம்பரம் பண்ணி விக்கற கார்பெட் பெரும்பாலும் இதுதான். நல்லா அலசி ஒத்தி எடுத்தா போதும். அதுலயும் ஒரு வெளுப்பு தெரியுதுன்னா சில சமயம் உண்மை என்னன்னா அந்த இடம் சுத்தமாயிடுச்சு, சுத்தி இருக்கறது அழுக்கு. முழு ரூமையும் ஒரு தடவை ஷாம்பு போட்டுப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

கம்பளிதான் பாவம். கம்பளியும் நம்ம தலைமுடியும் ஒரே கெரட்டின் புரதம். பாத்ரூம் டிரெயின்ல முடி அடைச்சுக்கிட்டா ஒரு ஜெல் ஊத்துவோமே, அதுல இருக்கற ப்ளீச்சும் காரமும் சேந்து முடிய கரைச்சுக் கொண்டு போயிடும், கார்பெட்ல இருக்கற கம்பளிக்கும் அதே கதிதான். மொதல்ல மஞ்சளா மாறும், அப்புறம் முரமுரன்னு ஆகும், ரொம்ப நேரம் நின்னுச்சுன்னா நூலே கரைஞ்சு அடித்துணி தெரியும். விரலால தேய்ச்சுப் பாருங்க, தூள் தூளா கைல வந்தா அந்த இடத்துல சாயம் போடறது வீண் வேலை, நிக்கறதுக்கே நூல் இல்ல.

எங்க அக்கா வீட்ல நடந்தது இதுதான். பாத்ரூம் வாசல்ல வச்சிருந்த ப்ளீச் பாட்டிலோட மூடி லூசா இருந்து ராத்திரி முழுக்க கசிஞ்சிருக்கு, காலைல பாத்தா உள்ளங்கை அளவுக்கு மாடி நடை கார்பெட் வெளிறிக் கிடக்கு. அக்கா போன்ல, "டேய், ஓனர் ஃபிப்ரவரில இன்ஸ்பெக்ஷன் வராராம், நீ வந்து பாத்துட்டுப் போயேன்"ன்னு அழுகாத குறை. மாமா அதுக்குள்ள துணிக்குக் கலர் அடிக்கற ஃபேப்ரிக் பேனா ஒண்ணு வாங்கி வச்சிருந்தாரு. நான் போய் தொட்டுப் பாத்தா நூல் கைலயே வருது. எரிச்சுப் பாத்தோம், முடி நாத்தம், கூடவே குட்டியா ஒரு மணி. எண்பது-இருபது. "மாமா, பேனாவை வச்சுடுங்க, இது ஒட்டுப் போடற கேஸு"ன்னேன்.

ஒட்டுப் போடறதுன்னா பேர் கேக்க பெருசா இருக்கும், ஆனா என்னோட அபிப்பிராயத்துல வீட்ல பண்ற கார்பெட் வேலைல இதுதான் நேர்மையான வேலை, நிறம் அதே நிறம், நூல் அதே நூல், பத்து தடவை ஷாம்பு போட்டாலும் மாறாது. சாயம் போடற வீடியோக்கள் பாக்க ஆசையா இருக்கும், ஆனா நூல் கெட்ட இடத்துல அதெல்லாம் கொஞ்ச நாள் கூத்து. ஒட்டுக்கு வேண்டியதெல்லாம் அதே கார்பெட்ல ஒரு துண்டு, புது பிளேடு போட்ட ஸ்டான்லி கத்தி, இரும்பு ஸ்கேல், கார்பெட் டேப், லேட்டக்ஸ் பசை. இங்க காப்பிடெக்ஸ்னு வெள்ளையா ஒரு பசை எங்கயும் கிடைக்கும், மீன் நாத்தம் அடிக்கும், காஞ்சதும் ரப்பர் மாதிரி வளையும், கார்பெட்டுக்கு அதான் வேணும், கெட்டியா இறுகற பசை போட்டா கால்ல குத்தும். கார்பெட்டை வெட்டறதுக்கு முன்னாடி ஓனர்கிட்டயோ ஏஜென்ட்கிட்டயோ எழுத்துல கேட்டுடணும், இது வாடகை வீட்டுக்காரங்களுக்கு ரொம்ப முக்கியம். அக்காவும் மெயில் போட்டு, சரின்னு பதில் வந்த அப்புறம்தான் நாங்க கத்தியே எடுத்தோம்.

துண்டு எங்கேருந்து எடுக்கறதுங்கறதுதான் முதல் யோசனை. ஓனர்கிட்ட மிச்சத் துண்டு இருக்கான்னு கேளுங்க, கார்பெட் போட்டவங்க பரண்ல சுருட்டி வச்சுட்டுப் போறது உண்டு. இல்லன்னா அலமாரி உள்ள, படிக்குக் கீழ கப்போர்டு. ஒரு விஷயம், கப்போர்டுக்குள்ள வெயிலும் படாது காலும் படாது, அதனால அந்தத் துண்டு ஒரு சாயல் அடர்த்தியா, புசுபுசுன்னு இருக்கும். ஜன்னல் பக்கம் வெயில் விழற ரூம்ல ஒட்டுப் போடணும்னா கப்போர்டுத் துண்டு பளிச்சுன்னு தெரியும், சோஃபா பின்னாடி சுவர் ஓரமா எடுக்கறது பொருந்தும். அக்கா வீட்ல மாடி நடைல ஜன்னலே இல்ல, அதனால படிக்குக் கீழ எடுத்தது அப்படியே ஒத்துப் போச்சு. எடுத்த இடத்துல பழைய கார்பெட் துண்டு ஏதாவது வாங்கிப் போட்டுடலாம், கப்போர்டுக்குள்ள வாக்வம் க்ளீனர் நிக்கப் போகுது அவ்வளவுதான். எடுத்ததை மெயில்ல சொல்லிடுங்க.

அடுத்தது நூல் படுக்கற திசை. கைய வச்சுத் தடவினா ஒரு பக்கம் வழுவழுன்னு போகும், எதிர்ப்பக்கம் முரடா தடுக்கும், பூனை முதுகைத் தடவற மாதிரி. ஒட்டற துண்டும் சுத்தி இருக்கற கார்பெட்டும் ஒரே திசைல படுக்கணும், இல்லன்னா எவ்வளவு நேர்த்தியா வெட்டினாலும் வெளிச்சம் படும்போது அந்த சதுரம் மட்டும் இருட்டாவோ வெளுப்பாவோ தெரியும். எத்தனையோ வீட்ல ஒட்டு அசிங்கமா தெரியறதுக்குக் காரணம் இந்த ஒண்ணுதான். மாஸ்கிங் டேப்ல அம்புக்குறி போட்டு ரெண்டு இடத்துலயும் ஒட்டி வச்சுக்கோங்க.

கெட்ட இடத்தை வெட்டறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. கார்பெட் சும்மா கிடக்கறது இல்ல, சுவர் ஓரத்துல கிரிப்பர்னு ஆணி முளைச்ச கட்டைல இழுத்து மாட்டியிருக்காங்க, நடுவுல ஓட்டை போட்ட உடனே நாலு பக்கமும் இழுத்துக்கிட்டு ஓட்டை பெருசாகும், அப்புறம் துண்டு பத்தாம ஓரம் இடைவெளி விடும். அதனால வெட்டற இடத்தைச் சுத்தி நாலு பக்கமும் கொஞ்சம் தள்ளி, மரத்தரைன்னா சின்ன ஆணி அடிச்சு நிறுத்திக்கலாம், அடியில பைப், வயர் போகுதான்னு பாத்துட்டு. கான்க்ரீட் தரைன்னா ஆள் ரெண்டு பேர் முட்டி போட்டு உக்காந்து அமுக்கிக்கிட்டாலே சின்ன ஒட்டுக்குப் போதும், நாங்க ஆணியும் அடிச்சோம், மாமா ஒரு பக்கம் உக்காந்துக்கிட்டாரு.

வெட்டும்போது கண்ணை மூடிட்டு மேலேருந்து கத்திய இறக்கினா நிக்கற நூலையெல்லாம் அறுத்துடுவோம், ஓரம் மொட்டையா தெரியும். ஒரு மொண்ணை ஸ்க்ரூ டிரைவரை வச்சு, தலைல வகிடு எடுப்போம்ல, அது மாதிரி நூலை ரெண்டு பக்கமும் ஒதுக்கிக் கோடு எடுத்து, அந்தக் கோட்டுல ஸ்கேலை வச்சு அடித்துணிய மட்டும் வெட்டணும். அண்டர்லேவைத் தொடக் கூடாது, மெதுவா ரெண்டு மூணு தடவை கத்திய ஓட்டினா அறுந்துடும். வட்டமா வெட்டாம சதுரமா வெட்டுங்க, கை பழகாதவங்களுக்கு நேர்க்கோடு தான் சுலபம், கெட்ட நூல் ஒண்ணு கூட வெளிய மிச்சம் இல்லாம ஒரு விரக்கடை தள்ளியே எடுங்க.

வெளிய எடுத்த கெட்ட துண்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அதுதான் அளவு. நல்ல துண்டையும் கெட்ட துண்டையும் ரெண்டையும் கவுத்துப் போட்டு, அம்புக்குறிய ஒரே பக்கம் வச்சு, முதுகு மேல வரைஞ்சு வெட்டிக்கலாம். பின்பக்கத்துலேருந்து வெட்டறப்ப நூல் வரிசை தெரியும், அந்த வரிசையோடயே கத்தி போனா ஓரம் பிசிறாது. வெட்டின துண்டோட நாலு ஓரத்துலயும், ஓட்டையோட ஓரத்துலயும் லேட்டக்ஸ் பசைய மெல்லிசா தடவிடுங்க, இதைப் பண்ணலைன்னா வாக்வம் போடப் போட ஓரத்து இழை ஒவ்வொண்ணா உருவிட்டு வரும்.

அப்புறம் கார்பெட் டேப்பை ஓட்டையோட ஓரத்துக்கு அடியில பாதி உள்ள, பாதி வெளிய தெரியற மாதிரி நாலு பக்கமும் சொருகி ஒட்டணும். துண்டை வளைச்சு நடுவுலேருந்து இறக்கி ஓரத்துக்குத் தள்ளினா நூல் அடியில மாட்டாது, மாட்டின நூலை ஊசியால வெளிய இழுத்து விடுங்க. மேல ஒரு பேப்பர், அது மேல கனமான புஸ்தகம், இல்ல அரிசி மூட்டை, ராத்திரி முழுக்க. அக்கா வீட்ல பத்து கிலோ பொன்னி மூட்டை வச்சோம். காலைல பழைய சீப்பை எடுத்து குறுக்கயும் நெடுக்கயும் சீவி விட்டு, தூக்கிட்டு நிக்கற நூலை நகவெட்டுக் கத்தரியால சமமா வெட்டினா முடிஞ்சது. முதல் வாரம் கோடு லேசா தெரியும், நடக்க நடக்க நூல் கலந்து மறைஞ்சிடும். அக்கா பொண்ணு முட்டி போட்டுத் தடவிப் பாத்துட்டு "மாமா, எங்க மாமா வெட்டினது?"ன்னு கேட்டா, அந்த ஒரு கேள்வி எனக்குப் போதும்.

புள்ளி புள்ளியா சின்னதா இருந்தா சதுரமே வேண்டாம். கெட்ட நூலை மட்டும் அடிவரைக்கும் கத்தரிச்சு எடுத்துட்டு, கப்போர்டு ஓரத்துலேருந்து பிடுங்கின நல்ல நூலை ஒவ்வொண்ணா பசைல தொட்டு ட்வீஸர்ல நட்டு விடலாம், நாத்து நடற மாதிரி பொறுமையான வேலை, காசு அளவு வரைக்கும் தாராளமா பண்ணலாம். சுத்தி இருக்கறதை விடக் கொஞ்சம் உயரமா நட்டுட்டு, காஞ்ச அப்புறம் வெட்டி சமம் பண்ணுங்க.

இப்ப சாயம். நைலானா இருந்து, நூல் உறுதியா இருந்து, நிறம் மட்டும் போயிருந்தா சாயம் போடலாம், கம்பளியும் கெடாம இருந்தா போடலாம். பாலியெஸ்டருக்கு வீட்ல முயற்சி பண்ணாதீங்க, அதுக்குள்ள சாயம் இறங்க ஃபேக்டரில அழுத்தத்தோட நூத்தி முப்பது டிகிரி வரைக்கும் சூடு வைக்கறாங்க, அது வீட்ல நடக்கற காரியம் இல்ல. நைலானுக்கும் கம்பளிக்கும் வேண்டியது ஆசிட் டைன்னு சொல்ற சாயம். பேரைக் கேட்டு பயப்பட வேண்டாம், வினிகரோ சிட்ரிக் ஆசிடோ கலந்த சுடுதண்ணில பிடிக்கற சாயம் அவ்வளவுதான். காட்டன் துணிக்குப் போடற சாயம் இதுல நிக்காது.

ஆனா அதுக்கு முன்னாடி கார்பெட்ல மிச்சம் இருக்கற ப்ளீச்சை சாகடிக்கணும், இல்லன்னா நீங்க போடற சாயத்தையும் அது தின்னுடும். இதுக்கு இன்டர்நெட்ல நிறைய பேர் வினிகர் ஊத்துங்கன்னு எழுதறாங்க. ஊத்தாதீங்க. ப்ளீச்சும் வினிகரும் சேந்தா குளோரின் வாயு வரும், முதல் உலகப்போர்ல 1915ல ஈப்ர் போர்முனைல சிப்பாய்ங்க மேல திறந்து விட்டது அந்த வாயுதான். மூடின ரூம்ல, குழந்தை தவழற உயரத்துல அது தேவையா? அமோனியா இருக்கற க்ளீனரும் கூடாது, அது வேற ஒரு விஷவாயு. சரியான மருந்து சோடியம் தயோசல்ஃபேட். பழைய ஃபோட்டோ ஸ்டூடியோக்காரங்க இருட்டு ரூம்ல ஹைப்போன்னு வச்சிருப்பாங்களே, அதே உப்பு, மீன் தொட்டித் தண்ணில குளோரின் எடுக்கறதுக்கும் இதைத்தான் விடறாங்க. ஒரு கப் தண்ணிக்கு ஒரு டீஸ்பூன் கரைச்சுத் தெளிச்சு, கொஞ்ச நேரம் விட்டு, நல்ல தண்ணில அலசி ஒத்தி எடுங்க. ரெண்டு தடவை பண்ணாலும் தப்பில்ல. அதுக்கப்புறம்தான் வினிகர் கலந்த சாயம் அந்த இடத்துக்குப் போகணும்.

நிறம் சேக்கறதுல நிறைய பேர் கோட்டை விடறது எங்கன்னா, கார்பெட் பழுப்புன்னா பழுப்புச் சாயம் வாங்கி வெளுத்த இடத்துல அடிக்கறாங்க. பழுப்பு, பீஜ் எல்லாம் நீலம், சிவப்பு, மஞ்சள் மூணும் கலந்து வர்றது, ப்ளீச் பட்டா பெரும்பாலும் நீலம் முதல்ல போகும், அடுத்து சிவப்பு, மஞ்சள் கடைசி வரைக்கும் நிக்கும். அதனால அந்த இடம் ஆரஞ்சா இருந்தா நீலம் மட்டும்தான் காணோம், நீலத்தைத் தண்ணியா கரைச்சுத் தொட்டா பழுப்பு தானா வந்துடும். மஞ்சளா இருந்தா நீலமும் சிவப்பும் ரெண்டும் வேணும். வெள்ளையா போயிருந்தா மூணும் ஒண்ணு ஒண்ணா. எது காணோம்னு பாத்து அதை மட்டும் திருப்பிக் குடுங்க. ரொம்ப வெளிறின கரைசல்ல ஆரம்பிச்சு, சின்ன பிரஷ்ல நூலோட நுனிலேருந்து அடி வரைக்கும் தொட்டுத் தொட்டு, காய விட்டுப் பாத்து, மறுபடி தொடணும், ஈரமா இருக்கும்போது எல்லா நிறமும் அடர்த்தியாத்தான் தெரியும். ஏத்தறது எப்பவும் முடியும், இறக்கறதுதான் முடியாது. சூட்டுக்கு ஸ்டீம் அயர்னை நூல்ல படாம உயரத்துல பிடிச்சு ஆவி மட்டும் காட்டுங்க, பட்டா நைலான் உருகிடும். கப்போர்டு மூலைல ஒரு தடவை போட்டுப் பழகிட்டு வாங்க.

செயற்கைச் சாயத் தொழில்னு ஒண்ணு உலகத்துல ஆரம்பிச்சதே இந்த லண்டன்லதான், 1856ல பதினெட்டு வயசுப் பையன் வில்லியம் ஹென்றி பெர்கின், மலேரியாவுக்கு குயினைன் செய்யப் போய் ஊதா நிறத்தைக் கண்டுபிடிச்சாரு, எங்க வீட்டுக்குப் பக்கத்துல கிரீன்ஃபோர்டுல கால்வாய் ஓரமா ஃபேக்டரி வச்சாரு, அடக்கம் பண்ணியிருக்கறதும் ஹாரோலதான். இந்தத் தெருக்கள்ல நடக்கும்போது எனக்கு அவர் நினைப்பு வரும்.

மாமா வாங்கின மாதிரி பேனா இருக்கே, அது நூல் நுனில மட்டும் நிக்கும், கார்பெட் ஷாம்பு போட்டா கரைஞ்சு சுத்தி இருக்கறதையும் கறையாக்கிடும். வீடு காலி பண்ணும்போது க்ளீனிங் ஆளுங்க மெஷின் போடுவாங்க, அன்னிக்குத்தான் அது வெளிய வரும். டீ டிகாக்ஷன், காபி போட்டு சரி பண்றதும் அப்படித்தான், கொஞ்ச நாள்ல மங்கி வேற ஒரு கறையா நிக்கும்.

கடைசியா டெபாசிட். இங்கிலாந்துல 2007 ஏப்ரல்லேருந்து வாடகை டெபாசிட்டை ஓனர் எங்கயும் பதியாம சும்மா தன் கைல வச்சுக்க முடியாது, அரசாங்கம் ஒத்துக்கிட்ட ஒரு திட்டத்துல பதிஞ்சு வைக்கணும், டிபிஎஸ், மைடெபாசிட்ஸ், டிடிஎஸ்னு மூணு இருக்கு. 2019 ஜூன் 1லேருந்து வருஷ வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழன்னா டெபாசிட் அஞ்சு வார வாடகைக்கு மேல வாங்கவும் கூடாது. தகராறு வந்தா அந்தத் திட்டத்துலயே இலவசமா நடுவர் பாப்பாரு. ப்ளீச் பட்டது சாதாரண தேய்மானத்துல வராது, அதுக்குக் காசு கேக்க ஓனருக்கு உரிமை இருக்கு, அதை மறுத்துப் பேசிப் பிரயோஜனம் இல்ல. ஆனா உள்ளங்கை அளவு வெளுப்புக்கு வீடு முழுக்கப் புது கார்பெட் காசைக் கேக்க முடியாது. பழசுக்குப் பதிலா புதுசு உங்க செலவுல வாங்கிக்கறதை நடுவர் ஒத்துக்க மாட்டாரு, கார்பெட்டோட வயசைக் கழிச்சுத்தான் பாப்பாரு. உதாரணத்துக்கு பத்து வருஷம் உழைக்கற கார்பெட்னு வச்சுக்கோங்க, போட்டு ஆறு வருஷம் ஆச்சுன்னா மிச்சம் இருக்கறது நாலு வருஷ மதிப்புதான், அதுலயும் அந்த ரூமுக்கு, அந்த இடத்துக்கு. நம்ம ஆளுங்க நிறைய பேர் இது தெரியாம, இங்கிலீஷ்ல சண்டை போடணுமேன்னு தயங்கி முழு டெபாசிட்டையும் விட்டுட்டுப் போயிடறாங்க. அந்தக் காசு நம்ம உழைப்பு, விடாதீங்க.

வீட்டுப் பொருளுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தா பாலிசில டெனன்ட்ஸ் லயபிலிட்டின்னு ஒரு பகுதி இருக்கான்னு பாருங்க, ஓனரோட கார்பெட்டுக்கு நம்மளால வந்த சேதத்துக்கு அதுல குடுக்கறது உண்டு. வீட்டுக்குள்ள வந்த அன்னிக்கு எடுத்த ஃபோட்டோ, அப்ப வீடு எப்படி இருந்துச்சுன்னு எழுதின செக்-இன் ரிப்போர்ட், இது ரெண்டையும் தேடி எடுத்து வைங்க. ஓனருக்கு மெயில் எழுதும்போது நடந்தது என்ன, எந்தத் தேதி, எந்த இடம், எவ்வளவு அளவு, கார்பெட் போட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு ஒரு கேள்வி, அதே கார்பெட் மிச்சத் துண்டு இருக்கான்னு ஒரு கேள்வி, நாங்களே ஒட்டுப் போட்டுத் தரலாமான்னு ஒரு கேள்வி, பக்கத்துல ஒரு ஸ்கேலை வச்சு எடுத்த ஃபோட்டோ. பதில் வர்ற வரைக்கும் அந்த இடத்தை நல்லா காய விட்டு, மேல எதையும் ஊத்தாம வைங்க.